இரண்டாவது வட்டு

அக்டோபர் 7, திங்கள்

இன்றும் சாக்பீஸ்தான். உலையைத் திறந்து வட்டை இடுக்கியால் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. பத்து ரூபாய் நாணயம் அளவில், வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்கும் உதவாமல் பளபளத்தது. மேசை ஓரத்தில் இதன் அண்ணன்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உலையைப் பார்த்துக்கொள்ளும் சாதிக் அண்ணன் அவற்றைக் கேரம் காய்கள் என்கிறார். "போர்டு ஒண்ணு வாங்கிட்டா போதும்மா, செட்டு ரெடி." சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை.

காலையில் எங்கள் திட்டத் தலைவர் கலாவல்லி மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு நாள் சொன்னார். நவம்பர் 22. திட்டத்துக்குப் பணம் தரும் டெல்லியிலிருந்து குழு வருகிறது. அன்றைக்குள் கண்ணாடி மாதிரி தெளிவான பீங்கான் வட்டு ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டினால் திட்டம் நீளும். காட்டாவிட்டால் டிசம்பரோடு மூடிவிடுவார்கள். நானும் ஜெபஸ்டினும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெபஸ்டின் பாலிமர் வேதியியல் படித்தவர், அவருக்கு ஆயிரம் இடம் கிடைக்கும். நான் சிதம்பரம் போய் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். அதற்காகவா சேலத்து வெயிலில் இத்தனை வருஷம் வெந்தேன்?

பீங்கான் எப்படித் தெளிவாகும் என்று ஹாஸ்டல் வார்டன் கேட்டார். மாணிக்கமும் நீலக்கல்லும் நாங்கள் வைத்திருக்கும் இதே அலுமினா சரக்குதான் என்றேன். தன் மோதிரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 9, புதன்

பூஜை விடுமுறைக்கு ஜெபஸ்டின் நாகர்கோவில் போகிறார். போகும் முன் புதிதாகக் காய்ச்சிய பாலிமர் கரைசலை என் கையில் கொடுத்தார், பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல.

"இந்தத் தடவ கொஞ்சம் மாத்தியிருக்கேன் நாயகி. துகள்மேல நல்லா ஒட்டும். ஸ்டிரர்ல ஒரு நாள் முழுசா ஓடட்டு. அப்பறம் அச்சுல ஊத்துங்க. அவசரப்பட வேண்டாம், கேட்டியளா?"

"நான் எப்ப அவசரப்பட்டேன்?"

பையை மெல்ல மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது இந்த நிதானம்தான். பேருந்து கிளம்பிய பிறகும் டீயை ஊதிக் குடிக்கிற ஆள்.

அம்மா போனில், "அந்தப் பாலிமரை எதுக்குடி போடுற?" என்றாள். எலுமிச்சை சாதத்துக்கு ஏன் நல்லெண்ணெய் விடுகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கத்தானே? எங்கள் துகள்கள் பருக்கையைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னவை. சின்னதாக ஆக ஆக ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொள்ளும். கட்டி தட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஓட்டையில் வெளிச்சம் சிதறும். சிதறினால் சாக்பீஸ். பாலிமர் பூசினால் ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி நிற்கும், பிறகு அச்சில் நெருக்கமாகப் படியும், உலையில் பூச்சு மட்டும் எரிந்து போய்விடும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லெண்ணெயே போட்டுப் பாரேன்" என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

நாளை விடுமுறை என்பதால் இன்றைக்கே ஆயுத பூஜை. சாதிக் அண்ணன் காலையிலேயே வாழைக்கன்றும் பொரியும் பூசணிக்காயுமாக வந்துவிட்டார். தன் நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் அவரை மிஞ்ச இந்த வளாகத்தில் ஆள் இல்லை. உலைக்கு மூன்று பொட்டு. உலையின் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்புக்கு ஆயில் மாற்றி ஒரு பொட்டு. தராசுக்கு ஒன்று. நான் மதியம் பொடியையும் பாலிமரையும் பாட்டிலில் சேர்த்து, விடாமல் கலக்கும் ஸ்டிரரில் வைத்துவிட்டு மேடம் அறைக்குப் போய்த் திரும்பினால் ஸ்டிரர் நிற்கிறது, நெற்றியில் குங்குமத்தோடு.

"யார் நிறுத்தினது?"

"நான்தாம்மா. பூஜை போட்டாச்சுல்ல. இனி எதையும் தொடக் கூடாது. வருசம் பூரா ஓடுது, அதுக்கும் ஓய்வு வேணாமா?"

"அண்ணே, அது கொஞ்ச நேரம்கூட ஓடலை! அப்படியே விட்டா எல்லாம் அடியில உக்காந்துரும்!"

"உக்காந்தா எழுப்பிக்கலாம்மா. பொரி எடுத்துக்க."

மெயினை அணைத்துக் கதவையும் பூட்டிவிட்டார். திங்கள்வரை திறக்காது. ஜெபஸ்டினின் பிறந்த குழந்தை உள்ளே அனாதையாகக் கிடக்கிறது. பொரியைத் தின்றுகொண்டேதான் திட்டினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் போனால் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பாம், மாலைதான் வருமாம். மறுபடி கலக்கவும் வழியில்லை. பாட்டிலைப் பார்த்தேன். மேலே நீர் கலந்த பால் மாதிரி இருந்தது. காய்ந்த பிளாஸ்டர் அச்சு ஒன்று தயாராக இருந்தது, நாளைவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போனது போகட்டும் என்று மெல்லச் சாய்த்து மேலாக இருந்ததை ஊற்றிவிட்டேன். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டது.

பிறகுதான் வேலையே. பாட்டிலின் அடியில் சிமென்ட் போல அடை. பிரஷ், கம்பி நார், வெந்நீர், எதற்கும் அசையவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டி விரல் நுனியெல்லாம் எரிந்தது. சாதிக் அண்ணனின் பூஜைக்கு நான் செய்த பரிகாரம் இது. இனி ஒரு நிமிஷம்கூட ஸ்டிரரை நிற்கவிட மாட்டேன்.

அக்டோபர் 16, புதன்

ஜெபஸ்டின் வந்துவிட்டார். நேந்திரம் சிப்ஸ் கொண்டுவந்தார். எனக்கு நேந்திரம் சிப்ஸ் பிடிக்காது. பாக்கெட் காலி.

அக்டோபர் 19, சனி

எப்படி எழுதுவது! எழுதுவதற்கு முன் இரண்டுமுறை எழுந்து அறைக்குள்ளேயே நடந்துவிட்டு வந்தேன்.

காலையில் உலையைத் திறந்தோம். நான் இடுக்கியோடு நின்றேன், முகத்தை ஏற்கெனவே சுளித்துத் தயாராக வைத்திருந்தேன். வட்டு வெள்ளையாக இல்லை! பனிக்கட்டி உருகத் தொடங்கும்போது இருக்குமே, அந்த நிறம். ஜெபஸ்டின் அதை வாங்கி பாலிஷ் இயந்திரத்தில் வைத்தார். மதியம்வரை மாறி மாறித் தேய்த்தோம். சாப்பிடப் போகவில்லை. கழுவித் துடைத்து, டீ டம்ளருக்கு அடியில் கிடந்த பழைய செய்தித்தாள்மேல் வைத்தேன்.

நாமக்கல் முட்டை விலை தெரிந்தது.

வட்டுக்குள் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. சத்தம் போட்டு வாசித்தேன். கொள்முதல் விலை, சில்லறை விலை, கறிக்கோழி விலை. கறிக்கோழிக்கு வந்தபோது அழுதேன். ஆமாம், கறிக்கோழி விலை படித்து அழுதவள் நான்தான். சாதிக் அண்ணன் வட்டை வாங்கி ஒரு கண்ணில் வைத்து, "ஏம்மா, ஏற்காடு மலை தெரியுதும்மா!" என்று கத்தினார். ஜெபஸ்டின் சிரித்தபடி நின்றார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று இன்றுதான் கவனித்தேன். வெளிச்சம் அப்படி.

வட்டைப் பஞ்சில் சுற்றி என் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

மேடம் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கினார், ஆனால் உடனே சமாளித்துக்கொண்டார்.

"நாயகி, ஒண்ணு வந்தா அதிர்ஷ்டம். குழுவுல இருக்கறவங்க இதைப் பார்த்துட்டு முதல்ல கேக்கப்போறது, இன்னொண்ணு எங்கேன்னுதான். அவங்க முன்னாலயே உலையைத் திறந்து எடுக்கணும். ரெண்டாவது வந்தாத்தான் இது நம்ம வேலை."

இவ்வளவுதானே! ஒன்று செய்தவளுக்கு இரண்டு செய்யத் தெரியாதா?

ஜெபஸ்டின் பேனாவோடு உட்கார்ந்து, "என்னவாக்கும் வித்தியாசமா செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். யோசித்தேன். அதே பொடி, அதே அச்சு. புதிய பாலிமர், அவருடையது. பம்புக்குப் புது ஆயில். வேறு நான் ஒன்றுமே செய்யவில்லை. அப்படியே சொன்னேன்.

"ஒண்ணுமே செய்யலியா?"

"ஒண்ணுமே செய்யலை."

அப்படியானால் பாலிமரும் பம்பும்தான் என்று இருவரும் முடிவு செய்தோம். நாளைக்கே இரண்டாவது.

அக்டோபர் 28, திங்கள்

சாக்பீஸ்.

அதே பாலிமர், அதே பம்பு. இந்தமுறை நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஸ்டிரரை ஓடவிட்டேன். துளிகூட அடியில் தங்காமல் சுடச்சுட அச்சில் ஊற்றினேன். இதற்குமேல் எப்படிக் கவனமாகச் செய்வது?

அக்டோபர் 31, வியாழன். சிதம்பரம்

எண்ணெய்க் குளியல், அதிரசம், பட்டாசுச் சத்தம். தெருவில் எல்லோருக்கும் வட்டைக் காட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிறுமி அதை வைத்து எறும்பு பார்த்தாள். அப்பா ராசிபலன் படித்தார். அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"தங்கம் விக்கிற விலையில ஊர்ல எல்லாரும் பொண்ணுக்குப் பொட்டு பொட்டா சேக்குறாங்க. நீ என்னடான்னா பீங்கான் சேக்குற. எந்த மாப்பிள்ளை வீட்டுலடி இதைக் கேப்பாங்க?"

"கேக்கிற வீடா பாத்துக்கிறேன்மா."

வாய் தவறி வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதிரசம் எடுக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

மூன்றாவது, முன்னதைவிட மோசம். கட்டிகளை உடைக்க ஒலி அலையால் குலுக்கும் இயந்திரத்தில் வேறு வைத்தேன், பிறகு இரண்டு நாள் ஸ்டிரர். ஞாயிற்றுக்கிழமைகூடக் கோவிலுக்குப் போவதுபோல் லேபுக்குப் போய் உலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். உழைக்க உழைக்க வெள்ளையாகிறது! யாரிடம் போய்ச் சொல்வது?

மதியம் ஜெபஸ்டின் மெல்ல ஆரம்பித்தார்.

"நாயகி, அந்த நல்ல வட்டை உடைச்சுப் பாக்கணும்."

"என்னது?"

"உடைஞ்ச பக்கத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல வச்சாத்தான் உள்ள துகள் எப்படிப் படிஞ்சிருக்குன்னு தெரியும். வெளிய நின்னு எத்தன நாள் பாத்தாலும் ஒண்ணும் மனசிலாவாது."

"உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. அதை உடைச்சிட்டு, ரெண்டாவதும் வரலைன்னா? வெறுங்கையோட நிக்கறதா?"

"ஒண்ண வச்சிட்டு நின்னாலும் வெறுங்கைதான, மேடம் சொன்னாவ இல்லா?"

மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து இன்னொன்றும் சொன்னார். கொரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். திட்டம் மூடினால் ஜனவரியில் போவாராம். போகட்டும், எனக்கென்ன. கொரியாவில் நல்ல குளிராம். ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

நவம்பர் 6, புதன்

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நேற்று ஜெபஸ்டின் விளையாட்டாகச் சொன்னார். "ஆயுத பூஜை அன்னைக்குக் கலந்த சரக்காக்கும். குங்குமம் விழுந்திருக்குமோ?" நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று காலையில் அவர் வருவதற்குள் சாதிக் அண்ணனின் அலமாரியைத் திறந்து, பூஜைப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பாட்டிலில் போட்டு, ஸ்டிரரை வேகமாக ஓடவிட்டேன். பொருள் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

குங்கும வட்டை அவசர அவசரமாகச் சுட்டு நேற்று எடுத்தோம். பழுப்பு நிறம், நடுவில் விரிசல். "இது ஏன் இப்படி வந்துச்சு?" என்று ஜெபஸ்டின் கேட்டார். தெரியவில்லை என்றேன். முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்று முழுக்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து வட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வட்டுக்குள் ஏற்காடு மலை அப்படியே தெரிகிறது. இதை உடைக்க வேண்டும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். படித்தவள்தானே. பயம். இது போனால் நான் ஏதோ ஒன்று செய்தேன் என்பதற்குச் சாட்சியே இல்லை. ஆனால் இதைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் திட்டமும் மூடும், கொரியாவும் வரும்.

நவம்பர் 11, திங்கள்

உடைத்தேன்! நானேதான் உடைத்தேன்!

வைரமுனைப் பேனாவால் நடுவில் ஒரு கோடு. ஜெபஸ்டின், "நான் செய்யட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினேன். டிக். அவ்வளவுதான் சத்தம். சாதிக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாதியை நான் பெட்டியில் வைத்தேன். மற்றப் பாதியை ஜெபஸ்டின் எடுத்துப்போய், மைக்ரோஸ்கோப்புக்குத் தோதாக அதன்மேல் மெல்லிய தங்கப் பூச்சு ஏற்றினார். மின்சாரம் கடத்தாத பொருளுக்கு அப்படித்தான் செய்வார்கள். கூடவே ஒரு சாக்பீஸ் துண்டுக்கும்.

முதலில் சாக்பீஸைப் பார்த்தோம். திரையில் பெரிய பெரிய கட்டிகள், ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் ஓட்டை. பிறகு நல்லதை வைத்தார். சுளகில் கேழ்வரகைப் பரப்பியதுபோல எல்லாம் ஒரே அளவு. மணிக்கு மணி இடைவெளியே இல்லை. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"ஒரே பொடி, ஒரே பாலிமர்" என்றார் ஜெபஸ்டின். "அப்போ இதுல உள்ள கட்டியெல்லாம் எங்க போச்சு?"

எங்கே போச்சு. எங்கே…

என் விரல் நுனிகளைப் பார்த்தேன்.

"ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "நான்தான் கழுவிட்டேன்! நான்தான் உக்காந்து சுரண்டிச் சுரண்டி சாக்கடையில கழுவி விட்டேன்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பூஜை, பூட்டு, கரண்ட் இல்லாத திங்கள், அடியில் இருந்த அடை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். எத்தனை கலக்கினாலும் உடையாத கட்டிகள் கொஞ்சம் எப்போதும் இருக்கும். நான் ஸ்டிரரை நிறுத்தாமல் ஓட்ட ஓட்ட அவை மிதந்துகொண்டே இருந்து நேராக அச்சுக்குள் போயிருக்கின்றன. அன்று சும்மா விட்டதால் கனமான கட்டிகளெல்லாம் கீழே போய்விட்டன. பூச்சு சரியாக ஏறிய தனித் துகள்கள் மட்டும் மேலே நின்றன. அவசரத்தில் நான் ஊற்றியது அந்த மேல் தெளிவைத்தான்.

"அன்னைக்குக் கேட்டேன் இல்லா, வித்தியாசமா என்ன செஞ்சீங்கன்னு?"

"ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னேனே! அதுதான் வித்தியாசம்!"

ஜெபஸ்டின் சிரிக்க ஆரம்பித்தார். அந்த நிதானமான மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தோளில் அடித்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 12, செவ்வாய்

புதிய பாட்டில் கலந்தாயிற்று. குறைந்த நேரம் ஸ்டிரர், பிறகு நிறுத்திவிட்டோம். சனிக்கிழமைவரை யாரும் தொடக் கூடாது. குறிப்பாக நான்.

நான் அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த சாதிக் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பாட்டிலின் தோளில் ஒரு பொட்டு சந்தனம், அதன்மேல் குங்குமம், மூடியில் ஒரு முழம் மல்லி.

"பூஜை போட்டாச்சும்மா. இனி தொட்டா பாவம் உனக்கு."

"அண்ணே, ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இப்ப என்ன பூஜை?"

"பாட்டிலுக்கு இன்னைக்குத்தான். ஏம்மா, என் பொட்டலத்துல குங்குமம் குறையுதே, எலி ஏதும் வந்துச்சா?"

ஜெபஸ்டின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்குத் தெரியும், அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

தொடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

தொடவில்லை. ஒருமுறை பக்கத்தில் போய் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு அடை! அடையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டாள்.

நவம்பர் 16, சனி

மேலாக ஊற்றினோம். பாட்டிலை நான் பிடித்தேன், நான் அவசரப்பட்டுவிடுவேன் என்று ஜெபஸ்டின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊற்றி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அச்சு ஆடக் கூடாதில்லையா.

நவம்பர் 20, புதன்

பாலிமர் எரியும் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றிக் கடந்தாயிற்று. வட்டில் விரிசல் விழவில்லை. இப்போது வாக்குவம் உலைக்குள் இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஜெபஸ்டினின் டப்பாவிலிருந்த மீனை மட்டும் சாப்பிட்டேன். எனக்கு மீன் பிடிக்காது.

நவம்பர் 22, வெள்ளி

குழுவில் மூன்று பேர். தலைவர் வெள்ளைத் தாடி வைத்தவர், சிரிக்கவே தெரியாதவர்போல இருந்தார். பெட்டியிலிருந்த பாதி வட்டைக் காட்டினேன். எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். இன்னொன்று எங்கே?

மேடம் சாதிக் அண்ணனைப் பார்த்தார். அவர் உலையைத் திறந்தார். இடுக்கி என் கையில். இந்தமுறை முகத்தைச் சுளிக்கவில்லை, கண்ணையே மூடிக்கொண்டேன். "நாயகி, பாருங்க" என்று ஜெபஸ்டின் சொன்னது காதில் விழுந்தது.

அதே பனிக்கட்டி நிறம்!

அவர்கள் வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு வரும்வரை நாங்கள் பாலிஷ் போட்டோம். திரும்பி வந்தபோது செய்தித்தாளை விரித்து வைத்தேன். தலைவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கள் வட்டு வழியாகத் திக்கித் திக்கித் தமிழில் படித்தார்: "நா-மக்-கல் முட்-டை." கல்லூரி நாட்களில் மதுரையில் இருந்தாராம். அதன் பிறகு அவரும் சிரித்தார். முதல் வட்டுக்கும் கெட்டுப்போனவற்றுக்கும் இடையில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். நான்கு நாள் நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றேன். ஜெபஸ்டின் அதையே அறிவியலாக விளக்கினார். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது என்று மேடம் சேர்த்துச் சொன்னார்.

திட்டம் நீள்கிறது! வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சாதிக் அண்ணன் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மேடம் என்னைக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அஸ்தம்பட்டியில் தள்ளுவண்டிக்காரரிடம் காய்கறியும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் சாப்பிட நானும் ஜெபஸ்டினும் போனோம். அவர் வழக்கம்போல் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா விட்டால் தெளியும் என்பதெல்லாம் பாட்டிலுக்கு. நான் பாட்டில் இல்லை.

"ஜெபஸ்டின், கொரியா போறீங்களா, இல்ல என்கூட இருக்கப் போறீங்களா? லேப்புல இல்ல. நான் கேக்கறது லேப்புக்கு வெளியில."

வண்டிக்காரர் சட்னி போடுவதை நிறுத்திவிட்டார். ஜெபஸ்டின் வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, பிறகு சொன்னார்.

"கொரியாவுக்கு வரலைன்னு அன்னைக்கே எழுதியாச்சு."

"என்னைக்கு?"

"நீ வட்ட உடைச்ச அன்னைக்கு."

"அன்னைக்கு ரெண்டாவது வட்டு வருமா வராதான்னே தெரியாதே!"

"வட்டுக்காகவா எழுதுனேன்?"

அன்றைக்கே எழுதியவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை! நான் திட்ட ஆரம்பித்தேன். அவர் கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டே காசு கொடுக்கப் பர்ஸைத் திறந்தார். உள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், என் முதல் வட்டின் மற்றப் பாதி இருந்தது. மைக்ரோஸ்கோப்புக்குப் பூசிய தங்கம் தெருவிளக்கில் மின்னியது. திட்டுவதை மறந்துவிட்டேன்.

நாளை காலை அம்மாவுக்குப் போன் போட வேண்டும். மாதா படத்தைப் பற்றிச் சொன்னதும் கத்துவாள். கொஞ்ச நேரம் கத்தட்டும். அவள் மூச்சு வாங்கும்போது சொல்லிக்கொள்கிறேன்: அம்மா, மாப்பிள்ளை வீட்டில் பீங்கானைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், தங்கத்தை அவர்களே போட்டுவிட்டார்கள்.